மெஷின் தானாக நகருமா?

(சி.என்.சி. எந்திரத்தில் எதிர்பாராத ஜாக் அசைவும் பழுது கண்டறியும் முறையும்)

இறுதியாண்டு மாணவன், இயந்திரவியல் துறை

முன்னுரை

நம் மலரில் கவிதை எழுதுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். எனக்குக் கவிதை வராது. மூன்று ஆண்டுகளாக ஒர்க்ஷாப்பில் கைபட்டுக் கற்றதுதான் எனக்குத் தெரியும். அதில் ஒன்றை இங்கே எழுதுகிறேன்.

"சார், மெஷின் தானா நகர்ந்துடுச்சு சார்!" இந்த வார்த்தையை நீங்களும் கேட்டிருப்பீர்கள். அதற்குக் கிடைக்கும் பதிலையும் கேட்டிருப்பீர்கள்: "நீ ஏதாவது பட்டனை அழுத்தியிருப்பே." என் அனுபவத்தில் இந்த இரண்டு பேச்சுமே அவசரப் பேச்சுதான். மெஷினுக்கு மனசு கிடையாது, அது தானாக நகராது. அதற்காக, பக்கத்தில் நின்றவன்தான் நகர்த்தினான் என்றும் முடிவு கட்டிவிட முடியாது. எங்கிருந்தோ, ஏதோ ஒரு வழியாக, மோட்டாருக்கு ஒரு கட்டளை போயிருக்கிறது. அது எந்த வழி என்று கண்டுபிடிப்பதுதான் டெக்னீஷியனின் வேலை. அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதே இக்கட்டுரை.

ஜாக் என்றால் என்ன?

கார் டயர் மாற்றும் ஜாக்கிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. புரோகிராம் எதையும் ஓட்டாமல், நாமே கையால் ஒரு அச்சை (எக்ஸ், ஒய், இசட்) நகர்த்துவதற்கு ஜாக் என்று பெயர். ஜாப்பைக் கட்டும்போதும், டூலின் உயரம் பார்க்கும்போதும், வைஸை நேராக்கும்போதும் ஜாக் இல்லாமல் வேலை ஆகாது. இது மூன்று வகைப்படும்.

1. தொடர் ஜாக்: பட்டனையோ கீபோர்டு விசையையோ அழுத்தியிருக்கும் வரை ஓடும். விட்டால் நிற்க வேண்டும்.

2. படி ஜாக்: ஒரு முறை அழுத்தினால் 1 மி.மீ. அல்லது 0.1 மி.மீ. என்று சொன்ன தூரம் மட்டும் ஓடும்.

3. ஹேண்ட் வீல் ஜாக்: பெண்டன்டில் இருக்கும் சிறிய சக்கரத்தைச் சுற்றினால் கிளிக், கிளிக் என்று ஓடும். பொதுவாக ஒரு சுற்றுக்கு 100 கிளிக். ×1 என்று வைத்தால் ஒரு கிளிக்குக்கு 0.001 மி.மீ., ×10 என்றால் 0.01 மி.மீ., ×100 என்றால் 0.1 மி.மீ.

ஒன்றைக் கவனியுங்கள். ஜாக் செய்யும் நேரத்தில்தான் நம் கையும் முகமும் மெஷினுக்கு மிக அருகில் இருக்கின்றன. புரோகிராம் ஓடும்போது கதவைச் சாத்திவிட்டுத் தள்ளி நிற்கிறோம். ஜாக் செய்யும்போது குனிந்து டூல் நுனியைப் பார்க்கிறோம். ஆகவே எதிர்பாராத ஜாக் அசைவைச் சின்னக் கோளாறு என்று விட்டுவிடக் கூடாது.

எங்கள் ஆய்வகத்தில் நடந்தது

எங்கள் துறையில் பழைய மூன்று அச்சு மில்லிங் மெஷின் ஒன்று கண்ட்ரோலர் கெட்டுப்போய் மூலையில் கிடந்தது. புராஜெக்ட் வேலையாக அதற்குப் புதிய டிரைவ்களும் ஒரு பழைய கம்ப்யூட்டரும் போட்டு, லினக்ஸ் சி.என்.சி. என்ற இலவச மென்பொருளில் ஓட வைத்தோம். இது அமெரிக்காவின் 'நிஸ்ட்' என்ற அரசு நிறுவனம் 1990களில் உருவாக்கிய ஈ.எம்.சி. என்ற கண்ட்ரோல் மென்பொருளின் வழிவந்தது. இப்போதைய பெயர் 2011இல் வந்தது. பெண்டன்டுக்கு வயரிங் செய்ததும், அதற்கான இணைப்பு வரிகளைக் கம்ப்யூட்டரில் எழுதியதும் நான்.

ஒரு நாள் மதியம் என் நண்பன் வைஸை நேராக்கிக்கொண்டிருந்தான். லீவர் டயலின் முனை வைஸ் தாடையைத் தொட்டுக்கொண்டிருந்தது. பெண்டன்டை மேஜையில் வைத்துவிட்டு ஆலன் கீ எடுக்கத் திரும்பினான். அந்த நொடியில் டேபிள் 'டக்' என்று ஒரு மில்லிமீட்டருக்கும் மேல் நகர்ந்தது. லீவர் டயலின் மொத்த ஓட்டமே 0.8 மி.மீ.தான். முனை வளைந்துவிட்டது.

"நான் தொடவே இல்ல சார்" என்றான்.

"நீ தொடாம மெஷின் என்ன பேய் புடிச்சா நகருது? டயல் காசை நீதான் கட்டணும்" என்றார் பொறுப்பாளர்.

என் நண்பனின் அம்மா பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறார். ஒரு டயல் கேஜின் விலை அவர்களுக்கு எத்தனை நாள் கூலி என்று எனக்குத் தெரியும். அன்று நான் வாய் திறக்கவில்லை. பெண்டன்ட் வயரிங் செய்தவன் நான் என்பதால் பயமாக இருந்தது. அடுத்த நாள் துறைத் தலைவரிடம் போய், "மூணு நாள் டைம் குடுங்க சார், காரணம் கண்டுபிடிக்கிறோம்" என்று கேட்டேன். அவரும் ஒப்புக்கொண்டார்.

முதல் கேள்வி: திரையில் எண் மாறியதா?

பழுது தேடுவதில் முதல் வேலை ஸ்பேனரைக் கையில் எடுப்பது அல்ல, திரையைப் பார்ப்பதுதான். மெஷின் அசைந்தபோது திரையில் காட்டும் பொசிஷன் எண்ணும் மாறியதா, மாறவில்லையா? ஸ்டெப்பர் மோட்டார் உள்ள மெஷினில் இந்த ஒரு கேள்வியே பிரச்சினையை இரண்டாகப் பிளந்து காட்டிவிடும்.

எண் மாறியது, டேபிளும் நகர்ந்தது என்றால், கண்ட்ரோல் மென்பொருளே கட்டளை கொடுத்திருக்கிறது. கீபோர்டு, பெண்டன்ட், ஜாய்ஸ்டிக், இன்புட் கம்பி இவற்றில் ஒன்றின் வழியாக அதற்கு 'நகர்' என்ற செய்தி போயிருக்கிறது.

எண் மாறவில்லை, டேபிள் மட்டும் நகர்ந்தது என்றால், மென்பொருளுக்கு இந்தச் சங்கதியே தெரியாது. கண்ட்ரோலருக்கும் டிரைவுக்கும் நடுவில் உள்ள ஸ்டெப் கம்பியில் நாய்ஸ் ஏறியிருக்கலாம். டிரைவ் ஆஃப் ஆனதும் இசட் அச்சு தன் எடையாலேயே கீழே இறங்கியிருக்கலாம். கப்ளிங் ஸ்குரூ தளர்ந்திருக்கலாம். டிரைவை ஆன் செய்த உடனே வரும் ஒரு சின்னத் துள்ளலும் இந்த வகைதான். 1.8 டிகிரி மோட்டாருக்கு ஒரு சுற்றுக்கு 200 ஸ்டெப். 5 மி.மீ. லீட் உள்ள பால் ஸ்குரூவில் ஒரு ஸ்டெப் 0.025 மி.மீ. ஆன் செய்யும்போது ரோட்டார் அதிகபட்சம் இரண்டு ஸ்டெப் வரை இழுபடும், அதாவது 0.05 மி.மீ. அது ஜாக் அல்ல.

எண் மாறியது, டேபிள் நகரவில்லை என்றால், கட்டளை போயிருக்கிறது, மோட்டார் ஸ்டெப் தவறவிட்டிருக்கிறது. அது வேறு பாடம்.

சர்வோ மோட்டாரில் கொஞ்சம் வித்தியாசம். அங்கே என்கோடர் உண்மையான இடத்தைத் திருப்பிச் சொல்கிறது. ஆகவே கட்டளையிட்ட இடம், உண்மையான இடம் என்று இரண்டு எண்களையும் பார்க்க வேண்டும். என்கோடர் கம்பிகளை மாற்றிக் கொடுத்துவிட்டால் பிழையைக் குறைப்பதற்குப் பதில் கண்ட்ரோலர் கூட்டிக்கொண்டே போகும். ஆன் செய்தவுடன் அச்சு ஒரு பக்கமாகப் பாயும். ஃபாலோயிங் எரர் அலாரம் சரியான அளவில் வைத்திருந்தால் உடனே நின்றுவிடும்.

எங்கள் மெஷினில் திரை எண்ணும் மாறியிருந்தது. எனவே மோட்டார், டிரைவ், கப்ளிங் எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கட்டளை நுழையும் வாசல்களுக்குப் போனோம்.

கட்டளை நுழையும் வாசல்கள்

வாசல் 1: கீபோர்டு. தொடர் ஜாக்கில் விசையை அழுத்தும்போது 'ஓடு' என்றும், விடும்போது 'நில்' என்றும் இரண்டு தனிச் செய்திகள் போகின்றன. 'ஓடு' போய்ச் சேர்ந்து 'நில்' போகாவிட்டால் என்ன ஆகும்? மெஷின் ஓடிக்கொண்டே இருக்கும். யு.எஸ்.பி. பிளக் லூஸ், வயர்லெஸ் கீபோர்டில் பேட்டரி தீர்வது, விசை இடுக்கில் கூலன்ட் பிசுக்கு, அழுத்தியிருக்கும்போதே திரையில் வேறு ஜன்னல் முன்னால் வந்துவிடுவது, இவையெல்லாம் அந்த 'நில்' செய்தியை விழுங்கிவிடக்கூடியவை. ஆகவே தொடர் ஜாக்குக்கு வயர்லெஸ் கீபோர்டு வேண்டாம். கீபோர்டின் மேல் புத்தகம் வைக்கும் பழக்கமும் வேண்டாம்!

வாசல் 2: வரிசையில் தேங்கிய கட்டளை. அர்டுயினோ போர்டில் ஓடும் ஜிஆர்பிஎல் நம்மில் பலருக்குத் தெரியும். நார்வேக்காரர் சிமென் ஸ்வாலே ஸ்கோக்ஸ்ரூட் 2009இல் தொடங்கியது அது. இந்த மாதிரி கண்ட்ரோலருக்கு நாம் அனுப்பும் அசைவுகள் உடனே ஓடுவதில்லை; பஃபர் என்ற வரிசையில் போய் நிற்கின்றன. விசையை அழுத்திப் பிடித்தால் கீபோர்டின் ஆட்டோ ரிப்பீட் வேறு சேர்ந்துகொள்கிறது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கட்டளைக்கு 1 மி.மீ. வேகம் நிமிடத்துக்கு 500 மி.மீ., அதாவது நொடிக்கு 8.33 மி.மீ. ஆட்டோ ரிப்பீட் நொடிக்கு 30 முறை என்று வைத்துக்கொள்வோம். 2 நொடி பிடித்தால் 60 கட்டளை, 60 மி.மீ. அந்த 2 நொடியில் மெஷின் ஓடியது 16.7 மி.மீ.தான். பாக்கி 43.3 மி.மீ. இருக்கிறது. கம்ப்யூட்டர் மென்பொருள் அதையும் விடாமல் அனுப்பினால், கையை எடுத்த பிறகும் 5 நொடிக்கு மேல் மெஷின் ஓடும். பார்ப்பவருக்குப் பேய் பிடித்த மாதிரிதான் தெரியும். ஆனால் நாம் கொடுத்த கட்டளையைத்தான் அது நிறைவேற்றிக்கொண்டிருக்கிறது.

ஜிஆர்பிஎல் 1.1 பதிப்பில் இதற்கு வழி செய்தார்கள். ஜாக்குக்கென்று தனிக் கட்டளை வந்தது. 'ஜாக் கேன்சல்' என்று ஒரே ஒரு பைட் (ஹெக்ஸ் 85) வந்தது. அது வரிசையில் நிற்காமல் நேராக உள்ளே போய் அசைவை நிறுத்தி, மிச்சமுள்ள ஜாக் அசைவுகளையும் அழித்துவிடும். ஆனால் விசையை விட்டவுடன் அந்த பைட்டை அனுப்புவது கம்ப்யூட்டரில் உள்ள மென்பொருளின் பொறுப்பு. பழைய பதிப்புகளில் ஜாக்கும் சாதாரண ஜி-கோடாகத்தான் போனது. ஜி91 (இருக்கும் இடத்திலிருந்து இவ்வளவு தூரம்) என்று மாற்றி நகர்த்திவிட்டு, மறுபடி ஜி90 (பூஜ்யத்திலிருந்து இந்த இடம்) என்று திருப்ப வேண்டும். நடுவில் மென்பொருள் நின்றுபோனால் ஜி91 அப்படியே தங்கிவிடும். அடுத்து 'எக்ஸ் 10' என்று கொடுத்தால் 10 என்ற இடத்துக்குப் போகாமல், இன்னும் 10 மி.மீ. தள்ளிப் போகும்.

வாசல் 3: ஹேண்ட் வீல். சக்கரத்துக்குள் ஏ, பி என்று இரண்டு சிக்னல். எது முந்தி வருகிறது என்பதை வைத்துத் திசையும், எத்தனை மாற்றம் என்பதை வைத்துத் தூரமும் கணக்கிடப்படும். இங்கே இரண்டு சங்கதி உண்டு.

முதலாவது, சக்கரத்தை மெஷினின் வேகத்தைவிட வேகமாகச் சுற்றுவது. ×100இல் நொடிக்கு 3 சுற்று என்றால் 30 மி.மீ., அதாவது நிமிடத்துக்கு 1800 மி.மீ. அச்சின் உச்ச வேகம் 500 என்றால் பாக்கித் தூரம் கடனாக நிற்கும். சுற்றுவதை நிறுத்திய பிறகும் ஓடித் தீர்க்கும். லினக்ஸ் சி.என்.சி.யில் இதற்கு 'ஜாக் வெல் மோட்' என்ற அமைப்பு உண்டு. அது ஆஃபில் இருந்தால் கடன் முழுவதையும் ஓடித் தீர்க்கும். ஆனில் இருந்தால் சக்கரம் நின்றவுடன் அச்சும் நிற்கும், பாக்கித் தூரம் தள்ளுபடி. புதிதாகப் பழகுகிறவர்களுக்கு இரண்டாவதே நல்லது.

இரண்டாவது நாய்ஸ். நீளமான பெண்டன்ட் கேபிள் ஒரு ஏரியல் மாதிரி. பக்கத்தில் வி.எஃப்.டி.யோ கான்டாக்டரோ இயங்கும்போது வரும் துடிப்புகளை அது வாங்கிக்கொள்ளும். அவை ஏ, பி இரண்டிலும் தாறுமாறாக விழுந்தால், யாரும் சக்கரத்தைச் சுற்றாமலே எண்ணிக்கை ஏறும்.

வாசல் 4: ஜாய்ஸ்டிக். கையை எடுத்தால் குச்சி நடுவுக்கு வர வேண்டும். பழசாகிவிட்டால் நடுவுக்குச் சற்றுத் தள்ளியே நிற்கும். அதையும் மென்பொருள் 'மெதுவாக நகர்' என்றே படிக்கும். நடுவில் ஒரு செத்த பகுதி (டெட் பேண்ட்) வைத்தால் இது தீரும். அச்சு மெதுவாக, ஒரே வேகத்தில் ஊர்ந்தால் முதலில் ஜாய்ஸ்டிக்கைப் பிடுங்கிப் பாருங்கள்.

வாசல் 5: மிதக்கும் இன்புட் கம்பி. ஜாக் பட்டனை நேரடியாக இன்புட் பின்னில் கொடுத்து, புல்-அப் ரெசிஸ்டர் போடாமல் விட்டால் அந்தப் பின் 0 வோல்ட்டும் இல்லாமல் 5 வோல்ட்டும் இல்லாமல் மிதக்கும். கை பக்கத்தில் போனாலே மாறும். ரெசிஸ்டர் போட வேண்டும். மென்பொருளில் டிபவுன்ஸ் நேரமும் வைக்க வேண்டும். டிபவுன்ஸ் என்பது ஒரு சிக்னல் குறிப்பிட்ட நேரம் நிலைத்து நின்றால்தான் அதை நம்புவது.

எங்கள் பழுதைக் கண்டுபிடித்த விதம்

டூலைக் கழற்றினோம். வைஸைச் சுற்றி எதுவும் இல்லாமல் செய்தோம். ஒருவன் எமர்ஜென்சி ஸ்டாப் பக்கத்தில் நின்றான். பிறகு கீபோர்டைக் கழற்றி வைத்தோம். பெண்டன்டை மரப்பலகை மேல் வைத்து யாரும் தொடாமல் அரை மணி நேரம் பார்த்தோம். ஒன்றும் நடக்கவில்லை. மனசு சோர்ந்துவிட்டது.

அப்போது என் நண்பன்தான் சொன்னான்: "டேய், அன்னைக்குப் பக்கத்து லேத்துல செகண்ட் இயர் பசங்க இருந்தாங்கடா."

லேத்தை ஆன், ஆஃப் செய்து பார்த்தோம். மூன்றாவது தடவை டேபிள் குதித்தது! இருபது முறை ஆன் செய்ததில் ஏழு முறை நகர்ந்தது. நகர்ந்த தூரங்களை நோட்டில் எழுதினோம்: 0.250, 0.075, 1.150, 0.375... எல்லாமே 0.025இன் மடங்கு. இதைப் பார்த்ததும் எனக்கு உள்ளங்கை வியர்த்துவிட்டது. ஏனென்றால் ஹேண்ட் வீலில் ஒரு கிளிக்குக்கு நான்கு கவுண்ட் வரும். ×100இல் ஒரு கவுண்ட்டுக்கு 0.025 மி.மீ. என்று கம்ப்யூட்டரில் எழுதியவன் நானே. ×10க்கு மாற்றினோம். குதிக்கும் தூரமும் பத்தில் ஒரு பங்காகக் குறைந்தது. சந்தேகமே இல்லை, வாசல் 3தான்.

பிறகு அச்சுத் தேர்வு ஸ்விட்சை 'ஆஃப்' என்று வைத்துவிட்டு, 'ஹால்மீட்டர்' என்ற கருவியில் என்கோடர் கவுண்ட்டைப் பார்த்தோம். டேபிள் நகரவில்லை, ஆனால் லேத் ஆன் ஆகும்போது கவுண்ட் எண் மட்டும் மாறியது. கேபிளைத் தொடர்ந்து போய்ப் பார்த்தோம். பெண்டன்ட் கேபிளும் லேத்தின் பவர் கேபிளும் மூன்று மீட்டர் தூரத்துக்கு ஒன்றாகக் கட்டப்பட்டிருந்தன. பார்க்க அழகாக இருக்கட்டும் என்று டேக் போட்டுக் கட்டியதும் நான்தான். ஷீல்டு வயர் எர்த் ஆகாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

இதைவிடப் பெரிய தப்பு ஒன்று பாக்கி இருந்தது. பெண்டன்டின் பக்கவாட்டில் ஒரு எனேபிள் பட்டன் உண்டு. அதை அழுத்திப் பிடித்திருந்தால்தான் சக்கரம் வேலை செய்ய வேண்டும். மேஜையில் வைத்துவிட்டால் பட்டன் விட்டுப்போகும், பிறகு எத்தனை நாய்ஸ் வந்தாலும் டேபிள் நகராது. ஆனால் டெஸ்டிங் நேரத்தில் அழுத்தி அழுத்திக் கை வலித்ததால், நான் ஒரு ஜம்பர் வயர் போட்டு அந்தப் பட்டனை எப்போதும் அழுத்தியது போல ஆக்கிவிட்டேன். 'அப்புறம் எடுத்துடலாம்' என்று நினைத்தேன். எடுக்கவில்லை. சக்கரம் நன்றாகவே வேலை செய்ததால் யாருக்கும் தெரியவில்லை.

நான்கு அங்குல நீளச் சிவப்பு வயர். அதைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு துறைத் தலைவர் அறைக்குப் போனேன். பொறுப்பாளரும் அங்கே இருந்தார். "தப்பு அவன்மேல இல்ல சார். நான் பட்டனை பைபாஸ் பண்ணிட்டேன்" என்று சொன்னேன். சொல்லும்போது குரல் நடுங்கியது. தலைவர் கொஞ்ச நேரம் அந்த வயரையே பார்த்துவிட்டு, "அவன் விரல் அங்க இருந்திருந்தா?" என்று மட்டும் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. டயலுக்கு முனை மட்டும் மாற்றினால் போதும் என்று தெரிந்தது; அந்தச் செலவை நான் கொடுத்தேன். பொறுப்பாளர் என் நண்பனைக் கூப்பிட்டு, "மனசுல வெச்சுக்காதப்பா" என்றார்.

சரிசெய்ததையும் படிப்படியாகவே செய்தோம். ஜம்பரை எடுத்ததும் டேபிள் நகர்வது அடியோடு நின்றது. ஆனால் கவுண்ட் இருபதுக்கு ஆறு முறை இன்னும் மாறியது. கேபிளைப் பிரித்துத் தனிப் பாதையில் கொண்டுபோய், ஷீல்டை கண்ட்ரோல் பேனலில் எர்த் செய்ததும் இருபதுக்கு ஒரு முறை ஆனது. லேத் கான்டாக்டர் காயிலுக்கு ஆர்.சி. சப்ரஸர் போட்ட பிறகு, ஐம்பது முறை ஆன் செய்தும் ஒரு கவுண்ட் கூட மாறவில்லை.

ஸ்டார்ட்டரில் கட்டிய கயிறு

என் குடும்பத்தில் முதலில் படிக்க வந்தவன் நான். அப்பா தோட்ட வேலைக்குப் போகிறவர். அவருக்கு வலது கையில் இரண்டு விரல் கிடையாது. நான் சின்னப் பையனாக இருந்தபோது தோட்டத்துக்காரரின் மாட்டுக்குத் தட்டு வெட்டும் மெஷினில் போனது. கரண்ட் போனதால் மெஷின் நின்றது. சிக்கிய தட்டை எடுக்கக் கையை விட்டார். கரண்ட் வந்தது. ஊரில் எல்லோரும் "மெஷின் தானா ஓடிடுச்சு" என்றார்கள். கூடவே "இவன் அஜாக்கிரதை" என்றும் சொன்னார்கள். அப்பாவும் "நான் பாத்து வெச்சிருக்கோணும்" என்றுதான் இத்தனை வருஷமாகச் சொல்லிவந்தார்.

இந்த வயர் கதையை வீட்டில் சொன்னபோதுதான் அந்த ஸ்டார்ட்டரைப் பற்றி அப்பாவிடம் விசாரித்தேன். கைப்பிடி ஸ்டார்ட்டர். அதில் நோ-வோல்ட் காயில் என்று ஒன்று இருக்கும். கரண்ட் போனால் அது பிடியை விட்டுவிடும். கைப்பிடி ஆஃபுக்குத் திரும்பிவிடும். கரண்ட் திரும்ப வந்தாலும் ஒருவர் வந்து போட்டால்தான் மோட்டார் ஓடும். "அந்தக் கைப்பிடி அடிக்கடி விழுந்துருது கண்ணு, அதுனால கயிறு போட்டுக் கட்டி வெச்சிருந்தாங்க" என்றார் அப்பா.

அந்தக் கயிறுக்கும் என் சிவப்பு வயருக்கும் என்ன வித்தியாசம்? நான் அப்பாவுக்கு நோ-வோல்ட் காயிலை விளக்கிச் சொன்னேன். அவர் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டு, "அப்ப என்ற தப்பு மட்டுமில்லியா கண்ணு?" என்று கேட்டார். "இல்லீங்கப்பா" என்றேன்.

உலக அளவிலும் இது தெரிந்த ஆபத்துதான். எதிர்பாராமல் மெஷின் தொடங்குவதைத் தடுப்பதற்கென்றே ஐ.எஸ்.ஓ. 14118 என்று தனித் தரநிலை இருக்கிறது. மெஷின்களின் மின் அமைப்புக்கான ஐ.இ.சி. 60204-1 தரநிலையும், கரண்ட் திரும்ப வரும்போது மெஷின் தானே தொடங்கி ஆபத்து விளைவிக்கக் கூடாது என்கிறது.

நாம் கடைப்பிடிக்க வேண்டியவை

1. எதிர்பாராத அசைவு வந்தால் முதலில் எமர்ஜென்சி ஸ்டாப். அது டிரைவின் பவரையே நிறுத்தும்படி வயரிங் இருக்க வேண்டும். மவுஸால் அழுத்தும் 'ஸ்டாப்' பட்டன் எமர்ஜென்சி ஸ்டாப் ஆகாது.

2. உடனே ரீசெட் செய்யாதீர்கள். திரையில் என்ன எண், எந்த மோட், தேர்வு ஸ்விட்ச் எங்கே, பக்கத்தில் எந்த மெஷின் ஓடியது என்று எழுதிக்கொள்ளுங்கள். ரீசெட் செய்தால் சாட்சி போய்விடும்.

3. எண் மாறியதா என்று பாருங்கள். மாறியிருந்தால் வாசல்களைத் தேடுங்கள்; மாறாவிட்டால் டிரைவ் பக்கம் போங்கள்.

4. ஒரு நேரத்தில் ஒரே ஒரு வாசலை மூடிப் பாருங்கள். மூன்றை ஒன்றாக மாற்றினால் எது சரிசெய்தது என்று தெரியாது.

5. நகர்ந்த தூரத்தை அளந்து எழுதுங்கள். ஒரே எண்ணின் மடங்காக வந்தால் ஹேண்ட் வீல் அல்லது படி ஜாக். கையை எடுத்த பின்னும் ஓடினால் பஃபர் அல்லது 'நில்' செய்தி தவறியது. மெதுவாக ஊர்ந்தால் ஜாய்ஸ்டிக்.

6. சிக்னல் கேபிளும் பவர் கேபிளும் தனித்தனிப் பாதையில் போகட்டும். குறுக்கே போயே ஆக வேண்டுமென்றால் நேர் குறுக்காகப் போகட்டும்.

7. வேலை முடிந்ததும் தேர்வு ஸ்விட்ச் 'ஆஃப்'இல் இருக்கட்டும். டூல் பக்கம் கை போகும் முன் டிரைவை நிறுத்துங்கள். இசட் அச்சு இறங்கும் என்றால் கட்டை கொடுத்துத் தாங்குங்கள்.

8. டெஸ்டிங்குக்காக எதையாவது பைபாஸ் செய்தே ஆக வேண்டும் என்றால் அதில் ஒரு சிவப்புச் சீட்டைக் கட்டி, பெயரும் தேதியும் எழுதுங்கள். சீட்டு தொங்கும் வரை மெஷினை வேறு யாரிடமும் கொடுக்காதீர்கள்.

முடிவுரை

நண்பர்களே, டிப்ளமோ முடித்து நாம் கோவைக்கும் ஓசூருக்கும் திருப்பெரும்புதூருக்கும் போகப்போகிறோம். அங்கே மெஷின்கள் பெரியவை, வேகமும் அதிகம். ஒரு நாள் ஒரு ஹெல்பர் நம்மிடம் வந்து, "நான் தொடலீங்க, தானா நகர்ந்துச்சு" என்று சொல்வார். அவர் படித்திருக்க மாட்டார். பஃபர், நாய்ஸ் என்றெல்லாம் சொல்லத் தெரியாது. அவர்மேல் பழியைப் போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போவது ரொம்ப சுலபம். அப்படிச் செய்யாமல் திரை எண்ணைப் பாருங்கள், நோட்டை எடுங்கள், வாசல்களை ஒவ்வொன்றாக மூடுங்கள். அந்த வயரிங்கை முன்னால் தொட்டவர் நாமாக இருந்தால், அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

அந்தச் சிவப்பு வயரை நான் தூக்கிப் போடவில்லை. என் டூல் பாக்ஸ் மூடியின் உள்பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன்.